தனித்தொட்டியில் விட்ட கடல் மீன்குஞ்சு சுணங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வீட்டிலோ சின்னக் கொட்டகையிலோ கடல் அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. பெரும்பாலும் கோமாளி மீன் குஞ்சுகளைப் பற்றித்தான் பேச்சு. கடையில் எல்லாரும் 'நிமோ' என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுதான். டேம்சல் வகைகளுக்கும் இதே பதில்கள் பொருந்தும். தனித்தொட்டி என்று இங்கே சொல்வது, புது மீனைப் பெரிய தொட்டியில் சேர்க்கும் முன் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்க்கும் குவாரன்டைன் டேங்க்கை. அடியில் மணல் கிடையாது. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டு, மேலே மூடி. 40 லிட்டர் இருந்தால் குஞ்சுகளுக்குத் தாராளம்.

புதுக் குஞ்சை நேற்று தனித்தொட்டியில் விட்டேன். இன்று மூலையில் ஒதுங்கி நிற்கிறது, இரை எடுக்கவில்லை. என்ன மருந்து போடட்டும்?

இப்போதைக்கு எந்த மருந்தும் வேண்டாம். முதலில் தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு என்று டெஸ்ட் கிட்டில் பாருங்கள். தனித்தொட்டியில் சாகும் குஞ்சுகளில் பல, நோயில் சாவதில்லை; அழுக்குத் தண்ணீரிலும், அவசரத்தில் ஊற்றிய மருந்திலும்தான் சாகின்றன.

காரணம் இதுதான். பெரிய தொட்டியில் கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியா, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்றுவிடும். தனித்தொட்டியோ நேற்று கழுவி நிரப்பியது. அதில் அந்தப் பாக்டீரியா இல்லை. அதோடு கடல் நீரின் பிஎச் (அமில-கார அளவு) 8.2 அளவில் இருக்கும், நம் ஊர்த் தண்ணீரின் சூடு 28, 29 டிகிரி. இந்த நிலையில் கிட்டில் தெரியும் மொத்த அம்மோனியாவில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட நேரடி விஷமாக இருக்கும். பிஎச் 7.5 உள்ள, உப்பில்லாத நல்ல தண்ணீர்த் தொட்டியில் அதே அளவு அம்மோனியா இந்தப் பாடு படுத்தாது. கப்பியும் மோலியும் வளர்த்துப் பழகியவர்கள் கடல் மீனுக்கு வந்ததும் இடறி விழுவது இங்கேதான்.

கிட்டில் நிறம் கொஞ்சம் மாறினாலும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். தின்னாத இரையைக் கால் மணி நேரத்துக்குள் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இன்னொரு வேலையை முன்கூட்டியே செய்து வைக்கலாம்: தனித்தொட்டிக்கான ஸ்பாஞ்சை மூன்று நான்கு வாரம் முன்பே, நோயில்லாத பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள். மீன் வரும் அன்று பாக்டீரியாவோடு அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

டெஸ்ட் கிட் இல்லையே?

வாங்குங்கள். அம்மோனியா கிட் இல்லாமல் மருந்துப் புட்டி வாங்குவது வீண். கிட் கையில் வரும் வரை தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். முகர்ந்து பார்த்தோ, தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று பார்த்தோ முடிவுக்கு வராதீர்கள். கண்ணாடி போல இருக்கும் தண்ணீரிலும் மீன் சாகும்.

பையைத் திறந்து மெதுவாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கினேன். ஒரு மணி நேரத்தில் துவண்டுவிட்டது. ஏன்?

அந்த மெதுதான் காரணமாக இருக்கும். பல மணி நேரம் கட்டிக் கிடந்த பையில் மீன் விட்ட மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் பையில் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, அதுவரை சும்மா கிடந்த அம்மோனியா விஷமாகிறது. அந்தத் தண்ணீரிலேயே மீனை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் துவளாமல் என்ன செய்யும்?

வெளியூரிலிருந்து பையில் வந்த மீனுக்கு இப்படிச் செய்யுங்கள். பையின் உப்பு அளவு என்னவென்று விற்றவரிடம் முன்பே கேட்டு, தனித்தொட்டியின் உப்பை அதற்கு ஒப்ப வைத்துக்கொள்ளுங்கள். பையைத் திறக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் சூடு சமமாகிவிடும். பிறகு திறந்து, உடனே மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டியின் உப்பை நம் அளவுக்கு அடுத்த சில நாட்களில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. நேராக மோந்து ஊற்றலாமா?

நமக்கு இது கொடுப்பினைதான், ஆனால் நாள் பார்த்து மோக்க வேண்டும். வழக்கமாக நம் கடலில் உப்பு 33 முதல் 35 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால், முக்கியமாகக் கரையோரத்திலும் கழிமுகத்திலும் அது நன்றாக இறங்கிவிடும். போன மாதம் எடுத்த தண்ணீரும் இந்த மாதம் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்து ஒவ்வொரு முறையும் பாருங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கினால் வடகடலும் (பாக் விரிகுடா), வாடையில் வடகடல் கலங்கினால் தென்கடலும் ஓரளவு தெளிவாகக் கிடைக்கும். தீவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

பூங்கோரை என்கிற பாசி வந்து கடல் பச்சையாகத் தெரியும் நாட்களில் ஒரு குடம்கூட எடுக்காதீர்கள். 2019 செப்டம்பரில் அது படர்ந்தபோது இங்கே மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பாசி ஆக்சிஜனைக் குடிக்கும், அம்மோனியாவையும் விடும்.

எடுத்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, ப்ளீச்சிங் போட்டு ஒரு நாள் காற்றடிக்கவிட்டு, மிச்சக் குளோரினைத் தயோசல்பேட்டால் போக்கி, குளோரின் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகே பயன்படுத்துங்கள். அப்படியே ஊற்றினால் கடலில் இருக்கும் ஒட்டுண்ணியையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள்.

குஞ்சு வேகமாக மூச்சு வாங்குகிறது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. நோயா, இல்லையா?

புள்ளியைத் தேடுவதற்கு முன் மூச்சைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மீன் வந்து சேர்ந்து, அடங்கி, இரை எடுக்கத் தொடங்கிய பிறகு, அருகில் போகாமல் ஓரடி தள்ளி நின்று செவுள் மூடி எத்தனை முறை திறக்கிறது என்று கால் நிமிடம் எண்ணி, நான்கால் பெருக்கித் தொட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள். குஞ்சுக்குக் குஞ்சு அளவு மாறும்; அதனால் அந்த மீனின் எண்தான் அந்த மீனுக்கு அளவுகோல். ஒரு நாள் அது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆனால் ஏதோ சரியில்லை.

அடுத்து வரிசையாகப் பாருங்கள். முதலில் அம்மோனியா. அது இல்லையென்றால் ஆக்சிஜன்: சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போய்விடும், சூடேற ஏற ஆக்சிஜன் குறையும். இராத்திரி கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றிருந்தால் சொல்லவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டை ஒன்றிரண்டு டிகிரி இறக்கலாம். ஒரே மூச்சில் இறக்காதீர்கள்.

தண்ணீரில் குறையே இல்லை, காற்றும் நன்றாக வருகிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறது, மீன் ஏர் பம்ப்பின் குமிழிக்குள்ளேயே போய் நிற்கிறது என்றால், வெல்வெட் நோயை உண்டாக்கும் அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். இது முதலில் செவுளைப் பிடிக்கும். தோலில் தெரியும் முன்பே குஞ்சு போய்விடலாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேலிருந்து சாய்வாக அடித்து, மீனின் முதுகையும் துடுப்பின் ஓரத்தையும் பாருங்கள். மாவு தூவியது போல மங்கலான பொன்னிறத் தூசி தெரிந்தால் அதுதான். நேராக அடித்தால் தெரியாது. கோமாளியின் வெள்ளைப் பட்டையில் தேடினாலும் தெரியாது. ஆரஞ்சு, கறுப்புப் பகுதியில் பாருங்கள்.

வெல்வெட் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகும். உடனடி ஆறுதலுக்கு நல்ல தண்ணீர்க் குளியல், அதன்பிறகு தாமிரம். இரண்டும் கீழே சொல்லியிருக்கிறது. உப்பைக் குறைத்து வெல்வெட்டை விரட்ட முயல வேண்டாம். அது 3 பிபிடியிலும் பிழைக்கும்.

வெள்ளைப் புள்ளி வந்தது. இரண்டு நாளில் தானாகவே மறைந்துவிட்டது. குணமாகிவிட்டதா?

இல்லை. இனிமேல்தான் இருக்கிறது. ரவை போலத் தனித்தனியாகத் தெரியும் அந்தப் புள்ளி கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாள் மீனின் தோலுக்கடியில் தின்று வளர்ந்து, கீழே விழுந்து, தொட்டியின் தரையில் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். மூன்றாம் நாளிலிருந்து நான்கு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்தது அது கீழே விழுந்ததால்தான்.

குஞ்சுக்கு நான் முதலில் சொல்வது மருந்தில்லாத வழி: தொட்டி மாற்றுவது. கூட்டிலிருந்து எதுவும் மூன்று நாளுக்குள் வெளிவராது என்பதை வைத்துச் செய்வது இது. ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு ஏர் ஸ்டோன், இரண்டு ஜோடிக் குழாய்த் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மீனை விட்ட நாளை முதல் நாள் என்று கொண்டால் 4, 7, 10, 13-ஆம் நாட்களில் மறு தொட்டிக்கு மாற்றுங்கள். 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இருந்தால் ஒரு நாள் முன்பே மாற்றிவிடுங்கள். வலையைவிட ஓட்டை போட்ட சின்ன டப்பா நல்லது: தண்ணீர் வடிந்துவிடும், மீனின் வழவழப்பும் உரியாது. காலியான தொட்டியை ப்ளீச்சிங் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஒரு முழு நாள் காய்ந்தால் கூடு செத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் புதிதாக வருவதால் அம்மோனியாத் தொல்லையும் குறையும். ஆனால் வெல்வெட்டுக்கு இந்த வழி ஒத்துவராது, அதன் சுழற்சி இதைவிட வேகமானது.

மயில்துத்தம் போட்டால் சரியாகும் என்கிறார்கள். எவ்வளவு போடுவது?

மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். வெல்வெட்டுக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் தாமிரம் உண்மையிலேயே கேட்கும். ஆனால் ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஒட்டுண்ணி சாகாது, 0.20-ஐத் தாண்டினால் குஞ்சு தாங்காது. 'ஒரு சிட்டிகை' கணக்கு இங்கே செல்லாது.

ஆய்வகத் தரத் துத்தம் வாங்குங்கள். தோட்டத்துக்கு அடிப்பது வேண்டாம். 1 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லியிலும் கால் மில்லிகிராம் தாமிரம் இருக்கும். சரியாக 40 லிட்டர் தண்ணீருக்கு 0.15 அளவு வர 24 மில்லி வேண்டும். அதை ஒரே தடவையில் ஊற்றாமல், 6 மில்லியாக நான்கு வேளை, இரண்டு நாளில் ஏற்றுங்கள். 40 லிட்டர் என்பது தொட்டியின் மேல் எழுதியிருப்பதல்ல, நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீர். கடல் நீரில் தாமிரம் நிற்காமல் படிந்துகொண்டே போகும், அதனால் காலை மாலை தாமிரக் கிட்டில் பார்த்துக் குறைந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். மூன்று வாரம் இப்படி. தாமிரக் கிட் இல்லாதவர் துத்தத்தைத் தொடவே வேண்டாம்.

தொட்டியில் மணலோ, சிப்பியோ, பவளக் கல்லோ கிடந்தால் தாமிரத்தை உறிஞ்சிவிடும். பெரிய தொட்டியில் போட்டால் நண்டு, இறால், கடல் சாமந்தி எல்லாம் ஒருசேரப் போகும்.

நல்ல தண்ணீர்க் குளியல் எப்படிச் செய்வது? செத்துவிடாதா?

சரியாகச் செய்தால் சாகாது. குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதைப் போக்க வேண்டும். கேன் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் அதன் பிஎச் கடல் நீரைவிட வெகுவாகக் குறைவு; ஆப்பச் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து 8.2-க்குக் கொண்டுவாருங்கள். போர் தண்ணீர் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நம் ஊரில் அது பாதி கடல் தண்ணீர்தான். சூட்டையும் தொட்டியோடு ஒப்ப வைத்து, அரை மணி நேரம் காற்றடித்து, கறுப்பு நிற அகலப் பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

மீனை விட்டதும் கொஞ்சம் துள்ளும், சில சமயம் அடியில் படுத்துவிடும். பயப்பட வேண்டாம், செவுள் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடம். செவுள் நின்று நின்று ஆடினால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

மீனை எடுத்த பிறகு பாத்திரத்தைக் கொட்டிவிடாதீர்கள். அடியைப் பாருங்கள். எள்ளைவிடச் சற்றுப் பெரிதாகத் தட்டையான வெள்ளைச் செதில்கள் கிடந்தால் அவை மீனின் செதிலல்ல, தட்டைப்புழு. உயிரோடு மீன்மேல் ஒட்டியிருக்கும்போது கண்ணாடி போல இருப்பதால் கண்ணுக்குப் படாது, நல்ல தண்ணீர் பட்டதும் வெளுத்து உதிரும். மீன் தலையை உதறுவதற்கும், குழாயில் உரசுவதற்கும், கண் மங்குவதற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும். மருந்து பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது, ஆகவே ஆறேழு நாள் கழித்து இன்னொரு தடவை.

கோமாளிக் குஞ்சின் உடம்பு முழுக்கக் கோழை போல வெள்ளைப் படலம். தோல் உரிகிறது.

புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கும். கடலில் பிடித்த கோமாளிகளில் அதிகம், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவற்றில் குறைவு. தாமிரம் இதற்குக் கேட்காது, ஃபார்மலின்தான். 10 லிட்டர் கடல் நீருக்கு 37 சதவீத ஃபார்மலின் ஒன்றரை மில்லி, நல்ல காற்றோட்டத்தோடு அரை மணி நேரம், பிறகு புதுத் தொட்டி. ஃபார்மலின் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும், எனவே காலைக் குளிர்ச்சியில் செய்யுங்கள். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், மீனைக் கொன்றுவிடும். கையுறை போட்டு, வெளி முற்றத்தில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை; புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

மஞ்சள் தூள், வேப்பிலை, கல் உப்பு?

மஞ்சளும் வேப்பிலையும் தண்ணீரைக் கெடுக்கும், அம்மோனியாவை ஏற்றும். கல் உப்பு கடல் உப்புக்கு ஈடாகாது. மற்ற தாதுக்கள் அதில் போதாது.

இராத்திரி லைட் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது!

தூங்குகிறது. கோமாளிக் குஞ்சு இப்படித்தான் படுக்கும், குழாய்க்குள் செங்குத்தாகக்கூட நிற்கும். காலையில் எழுந்து இரைக்கு ஓடி வந்தால் ஒன்றுமில்லை.

மூன்று நாளாக எதையும் தின்னவில்லை.

கடலில் பிடித்த மீன் இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருப்பது வழக்கம். உயிருள்ள ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால் வகை) கொடுத்துப் பாருங்கள், அசையும் இரைக்குப் பெரும்பாலும் மசியும். அப்புறம் பச்சை இறாலையோ கணவாயையோ பொடியாக அரிந்து, அலசி, அந்தச் சாறில்லாமல் கொடுங்கள். முன்பு தின்றுகொண்டிருந்த குஞ்சு திடீரென்று நிறுத்தினால் அது வேறு கதை: மேலே சொன்ன மூச்சுக் கணக்கைப் பாருங்கள்.

தனித்தொட்டியில் தீவுப் பக்கம் கிடைக்கும் பவளக் கல்லைப் போடலாமா?

கூடாது. மருந்தை அது உறிஞ்சுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-லிருந்து தேசியப் பூங்கா. பிவிசி துண்டு போதும், ப்ளீச்சிங்கில் கழுவவும் அதுதான் வசதி.

கூண்டில் விடக் கடல்விரால் (கோபியா) குஞ்சு வாங்கியிருக்கிறேன். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

தண்ணீர், மூச்சு, நல்ல தண்ணீர்க் குளியல் மூன்றும் பொருந்தும். மருந்து விஷயம் வேறு. அது மனிதர் சாப்பிடும் மீன். தாமிரம், ஃபார்மலின், ஆன்டிபயாடிக் என்று கைக்கு வந்ததை ஊற்ற முடியாது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகைகள் அடியோடு தடை. 2010-இல் கடல்விராலையும் 2011-இல் பாம்பனோ மீனையும் முதன்முதலாக இந்தியாவில் குஞ்சு பொரிக்க வைத்தது மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம்தான். நோயுற்ற குஞ்சை, செத்து நாறும் முன், உயிரோடு எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள். செத்து அரை நாளான மீனில் எந்த ஒட்டுண்ணியையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு குஞ்சு பெரிய தொட்டியில் இருந்தபோதே புள்ளி வந்துவிட்டது. அந்தத் தொட்டியை என்ன செய்வது?

எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தனித்தொட்டியில் வைத்தியம் பாருங்கள். பெரிய தொட்டி மீனில்லாமல் ஓடட்டும். இறால், நண்டு, கடல் சாமந்தி இருக்கலாம். எச்சரிக்கையாக வளர்ப்பவர்கள் 76 நாள் கணக்கு வைப்பார்கள். நம் சூட்டில் சுழற்சி வேகமாக முடியும், ஆறு வாரம் என்பது குறைந்தபட்சம். ஒரே ஒரு டேம்சலைப் பிடிக்க முடியவில்லை என்று உள்ளே விட்டால் இத்தனை நாளும் வீண்.

மருந்து போட்ட தண்ணீரை எங்கே கொட்டுவது?

கடலிலும் ஊருணியிலும் கிணற்றடியிலும் வேண்டாம். தாமிரம் கலந்த தண்ணீரை அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மாடியில் வெயிலில் வையுங்கள், வற்றிவிடும். மிஞ்சும் உப்பைச் சுரண்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மாடு, ஆடு நக்காத இடமாக இருக்கட்டும். தனித்தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய் வைத்து, மேலே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்; வீட்டில் யாரும் தெரியாமல் எடுத்துப் பெரிய தொட்டியில் விட மாட்டார்கள்.